ஓடிப்போனவன் மகள்

அவளுக்குப் பட்டாசு என்று பெயர் வைத்தவர்கள் சீட் பட்டறைக்காரர்கள். பேருந்துக்கும் லாரிக்கும் சீட் தைக்கிற பட்டறை அது. ரெக்ஸினை அளந்து வெட்டி, ஃபோமின் மேல் இழுத்துப் போர்த்தி, ஓரத்துக்குப் பைப்பிங் என்கிற உருண்டைக் கரை வைத்துத் தைப்பது அவள் வேலை. தையல் கொஞ்சம் கோணினாலும் மொத்தத்தையும் பிரித்துப்போட்டுவிடுவாள். அதோடு விட்டாலும் பரவாயில்லை, துணியைத் தப்பாக வெட்டிக் கொடுத்தவனைக் கூப்பிட்டு நிற்கவைத்து வறுத்தெடுத்த பிறகுதான் மறுபடி மெஷினை மிதிப்பாள். முதலாளிகூட அவள் பக்கம் போவதற்கு முன்னால் ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொள்வார்.

வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. முட்டி இரண்டும் தேய்ந்தாகிவிட்டது. புருஷன் குடித்தே போய்ச் சேர்ந்தான். மகன் பிழைப்பு கிடைத்த ஊரில் குடும்பத்தோடு இருந்தான். இவளும் அம்மாவும் மட்டும் ஒரு சின்ன வீட்டில். அம்மாவுக்கு எண்பது ஆகப்போகிறது, வாய்க்கு மட்டும் வயதே ஆகவில்லை. இரண்டு பேரும் பேச ஆரம்பித்தால் அடுத்த வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்பார்.

சும்மா யாருக்கும் இப்படி முணுக்கென்று கோபம் வராது. இவளுக்கு வந்ததற்குக் காரணம் இருந்தது. விவரம் தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு ஊர் கொடுத்திருந்த பெயர் வேறு. ஓடிப்போனவன் மகள்.

அப்பா பட்டாளத்தில் இருந்தான். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது போர் வந்தது, கூப்பிட்டார்கள், போனான். போர் முடிந்து மற்றவர்கள் வந்தார்கள், அவன் வரவில்லை. பட்டாளத்தை விட்டே ஓடிப்போய்விட்டான் என்று செய்தி வந்தது. எங்கே ஓடினான், யாரோடு ஓடினான் என்பதையெல்லாம் தெருவே பார்த்துச் சேர்த்துக்கொண்டது. ஒருத்தர் அவனை ரயிலில் பார்த்தேன் என்றார். இன்னொருத்தர் அவனுக்கு வேறு பெண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும் இருப்பதாகச் சொன்னார். அம்மா எதையும் மறுக்கவில்லை. அவளே எல்லாருக்கும் முந்திக்கொண்டு அவனைக் கரித்துக்கொட்டினாள். அச்சகத்தில் நாளெல்லாம் தாள் மடித்துவிட்டு வந்து, அடுப்பைப் பற்றவைக்கும்போதே திட்டவும் ஆரம்பித்துவிடுவாள். சோறு கொதிக்கிற வரைக்கும் அது நடக்கும்.

திட்டு அவனோடு நின்றதா என்றால் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்து ஒரு டம்ளரைப் பரிசாக வாங்கிக்கொண்டு வந்தாள் பெண். அம்மா டம்ளரைப் பிடுங்கி வெளியே எறிந்தாள். "ஓடற ரத்தம்டி! போகுமா?" என்று முதுகில் இரண்டு வைத்தாள். அதற்குப் பிறகு அவள் எதற்குமே ஓடியதில்லை. கண் முன்னால் பஸ் கிளம்பினாலும் நடந்துதான் போவாள், டிரைவர் நிறுத்தினால் ஏறுவாள், இல்லாவிட்டால் அவனுக்கு நாலு வசவு.

எதையும் விட்டுவிட்டு வரவும் அவளுக்குத் தைரியம் இல்லாமல் போனது. வேறு பட்டறையில் நல்ல சம்பளத்துக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. புருஷன் கைநீட்டினான், பொறுத்துக்கொண்டாள். போனால் ஊர் என்ன சொல்லும்? அப்பன் புத்தி அப்படியே இருக்கு, ஓடிவந்துட்டா பாரு என்று சொல்லும். அந்த ஒரு பேச்சைக் கேட்கக் கூடாது என்பதற்காகவே இருபது வருஷத்துக்கு மேல் அடி வாங்கினாள்.

அம்மாவுக்குக் கண்ணில் புரை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். சீட்டுக் கொடுக்கிற ஜன்னலுக்கு முன்னால் நல்ல கூட்டம்.

"கணவர் பேரு?" என்று கேட்டான் உள்ளே இருந்தவன்.

"எதுக்கு?" என்றாள் அம்மா.

"கம்ப்யூட்டர் கேக்குதும்மா."

"ஓடிப்போனவனுக்கு என்ன பேரு வேண்டிக்கிடக்கு? ஓடிப்போனவன்னே போடு."

வரிசை சிரித்தது. பின்னால் நின்ற ஒரு ஆள், "எப்பம்மா ஓடினார்? நேத்தா?" என்று கேட்டு இன்னும் கொஞ்சம் சிரிப்பு வாங்கினான். பட்டாசு திரும்பினாள்.

"உங்க வீட்ல இன்னும் யாரும் ஓடலையா? இந்த மூஞ்சியைத் தினம் பார்த்துக்கிட்டு எப்படித்தான் இருக்காங்களோ!"

அந்த ஆள் வரிசையில் ஓரடி பின்னால் தள்ளி நின்றான். ஆனால் அவளுக்குத்தான் ஆறவில்லை. ஆட்டோவில் வீட்டுக்கு வரும்போது உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் கழித்து, கூன் விழுந்த ஒரு கிழவி ஊர் முன்னால் அப்படிச் சொல்லிக்கொள்ளும்படி செய்துவிட்டு, அந்த மனுஷன் எங்கேயோ காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறான்.

"அவன் எங்க போனான்னு கண்டுபிடிக்கப் போறேன்," என்றாள்.

"கண்டுபிடிச்சு?"

"நாலு கேள்வி கேக்கப் போறேன். செத்திருந்தா அவன் பெத்த மத்ததுங்களைக் கேக்கறேன்."

அம்மாவுக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. "உயிரோட இருந்தா நான் குடுத்தேன்னு சொல்லி ஒரு அறை குடு," என்றாள்.

"பட்டாளத்துல நம்பர் ஒண்ணு குடுப்பாங்களாமே. உனக்குத் தெரியுமா?"

அம்மா கண்ணை மூடிக்கொண்டு வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல அந்த நீள எண்ணைக் கடகடவென்று சொன்னாள். ஒரு எண்கூடத் தடுக்கவில்லை. பட்டாசு வாயைப் பிளந்தாள்.

"கடுதாசி எழுதினா உறையில போடணுமே," என்றாள் அம்மா எரிச்சலோடு. "மறந்து தொலைய மாட்டேங்குது."

பட்டாளத்துப் பதிவு அலுவலகத்தில் அவளை ஜன்னலுக்கு ஜன்னல் பந்தாடினார்கள். முதல் ஜன்னல்காரர் இரண்டாவது ஜன்னலைக் காட்டினார். இரண்டாவதில் இருந்தவர் மாடிக்கு அனுப்பினார். மாடியில் பூட்டு. விட்டுவிடுவாள் என்று நினைத்தார்கள்போல. அடுத்த வாரம் மறுபடி வந்தாள், அதற்கு அடுத்த வாரமும் வந்தாள், ஒவ்வொரு தடவையும் சத்தம் கூடிக்கொண்டே வந்தது. கடைசியில் அவளைப் பேசாமல் அனுப்பினால் போதும் என்று உள்ளே ஒரு எழுத்தரிடம் கூட்டிப்போனார்கள். இளவயசுக்காரன். கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டினான்.

"யாரைத் தேடறீங்கம்மா?"

"எங்கப்பா. போர் சமயத்துல ஓடிப்போனவர்."

தப்பியோடியவர்கள் பட்டியல் தனியாக இருந்தது. மேலிருந்து கீழ்வரை பார்த்தான். கீழிருந்து மேலேயும் பார்த்தான்.

"இதுல இல்லையே."

"நல்லாப் பாருங்க தம்பி."

"பார்த்துட்டேன். இல்லை."

"எப்படி இல்லாம இருக்கும்? ஊருக்கே தெரியும், உங்களுக்கு மட்டும் தெரியலையா? ஓடிப்போனவனைக்கூட ஒழுங்கா எழுதிவைக்கலைன்னா அப்புறம் எதுக்கு இத்தனை பேர் இங்க உட்கார்ந்து ஃபேனைத் தேய்க்கறீங்க?"

அவன் நாற்காலியில் சாய்ந்து அவளை ஒருமாதிரி பார்த்தான். "அம்மா, இங்க எல்லாரும் எங்கப்பா ஓடலை, அந்தப் பேரை எடுங்கன்னு சண்டை போட வருவாங்க. ஓடினார்னு எழுதுங்கன்னு சண்டை போடறது நீங்க ஒருத்தர்தான்."

பக்கத்து மேஜைக்காரர் சிரிப்பை இருமலாக மாற்றினார். எழுத்தர் பையன் வேறொரு பக்கத்தைத் திறந்தான். "இங்க இருக்கார். காணவில்லைன்னு போட்டிருக்கு."

"அதான் வீட்டுக்கும் அந்தக் காலத்துல கடுதாசி வந்தது. காணவில்லைன்னா? ஓடினவனைக் காணவில்லைன்னுதானே சொல்வாங்க!"

"வேலைன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல ரன்னர்னு போட்டிருக்கு."

அவ்வளவு இங்கிலீஷ் பட்டாசுக்குத் தெரியும். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"ரன்னர்னா ஓடறவன்தானே?"

"ஆமா."

"பார்த்தீங்களா! நீங்களே போட்டிருக்கீங்க. அதையும் வேலைன்னு வேற போட்டிருக்கீங்க. கேலியா பண்றீங்க? செத்தானா பிழைச்சானான்னு தெரியாதவனை இப்படியா எழுதுவீங்க?"

இவ்வளவு நேரம் அப்பனைத் திட்டிக்கொண்டிருந்தவள், அரசாங்கம் அவனைத் திட்டிவிட்டது என்றதும் அரசாங்கத்தின் மேல் பாய்ந்தாள். சொந்தக்காரனைச் சொந்தக்காரர்தான் திட்டலாம், அவ்வளவுதான்.

எழுத்தர் பையனுக்கும் அந்த வார்த்தை புரியவில்லை. "ஓட்டப்பந்தயத்துல ஓடியிருப்பாரோ என்னமோ," என்று இழுத்தான். பிறகு ஏதோ தோன்றியவனாக, "அந்த ரெஜிமென்ட்ல இருந்த பெரியவங்க ஞாயித்துக்கிழமை காலையில முன்னாள் ராணுவத்தார் சங்கத்துல கூடுவாங்க. அங்க கேட்டுப் பாருங்க," என்று வழி சொன்னான்.

அதற்குள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்திருந்தது. முகத்தில் பாதியை மறைக்கிற கறுப்புக் கண்ணாடியோடு கட்டிலில் படுத்து, வருகிறவன் போகிறவனையெல்லாம் அதிகாரம் செய்துகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குச் சாப்பாடு எடுத்துவைத்துவிட்டுப் பட்டாசு கிளம்பினாள். வழியெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகளை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

சங்கம் என்பது ஒரு ஓட்டுக்கட்டடம். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு கேரம் போர்டு, டீ ஃபிளாஸ்க், சுவரில் வரிசையாகத் தலைவர்களின் போட்டோ. கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்களிடம் அப்பாவின் ரெஜிமென்ட்டைச் சொன்னாள். அவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் கை காட்டினார்கள். ஜன்னலோரம் ஒருத்தர் காதுக்கு மெஷின் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போரில் டெலிபோன் கம்பி இழுத்தவர், அதனால் அங்கே அவருக்குக் கம்பிக்காரர் என்று பெயர்.

அவள் அப்பாவின் பெயரைச் சொன்னாள். அவர் காது மெஷினைத் திருகிவிட்டு மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னாள். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"நீ யாரும்மா?"

"ஓடிப்போனவர் மகள்," என்றாள் வெடுக்கென்று. வழக்கமாக அப்படித்தான் சொல்வாள், கேட்கிறவர் சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவது.

அவர் முகம் மலர்ந்தது. "ஆமாம்மா! என்ன ஓட்டம்! அவர் மாதிரி ஓட எங்க பட்டாளத்துல ஆளே கிடையாது."

பட்டாசுக்கு ஒன்றும் ஓடவில்லை. இந்தக் கிழவர் கிண்டல் செய்கிறாரா, புத்தி பிசகிவிட்டதா? அவர் அவளை உட்காரவைத்துச் சொன்னார்.

"மேல முகட்டுல எங்க ஆளுங்க முப்பது பேர் இருந்தாங்க. கீழருந்து அவங்களுக்கு ஃபோன் கம்பி நான்தான் இழுத்தேன். பீரங்கி ஷெல் விழுந்து கம்பி அறுந்துபோச்சு. வயர்லெஸ் முந்தின நாளே செத்துப்போச்சு. எதிரி சுத்தி வளைக்கிறான், உடனே பின்பக்கமா இறங்குங்கன்னு மேல சொல்லணும். எப்படிச் சொல்றது? அந்த மாதிரி சமயத்துக்குன்னே பட்டாளத்துல ஒரு ஆள் இருப்பார்மா. ரன்னர்னு பேரு. சேதி எழுதின சீட்டை எடுத்துக்கிட்டு குண்டு மழையில ஓடணும். குடுத்துட்டு, கிடைச்சுதுன்னு பதில் எழுதி வாங்கிக்கிட்டுத் திரும்பி ஓடி வரணும். எங்களுக்கு அண்ணன்தான் ரன்னர். சீட்டைப் பல்லுல கவ்விக்கிட்டு ஓடிப் போனார்."

"போய்?"

"போய்ச் சேர்ந்துட்டார். முப்பது பேரும் பின்பக்கமா இறங்கித் தப்பிச்சுட்டாங்க. அண்ணன் பதிலை வாங்கிக்கிட்டு எங்க பக்கம் திரும்பி ஓடி வந்தார், நான் கண்ணால பார்த்தேன். பாதிவழியில ஷெல் விழுந்தது. புகை அடங்கினப்புறம் அங்க யாரும் இல்லை. மறுநாள் நாங்க அந்த இடத்தையே விட்டுட்டுக் கிளம்பிட்டோம், தேடக்கூட முடியலை. உடம்பு கிடைக்கலைன்னா காணவில்லைன்னுதான் எழுதுவாங்க."

ஒரு வாழ்க்கை முழுக்கச் சேர்த்துவைத்திருந்த வசவெல்லாம் வாய்க்குள்ளேயே நின்றது. "அப்ப அவர் ஓடிப்போகலையா?" என்றாள்.

"ஓடிப் போனார்னுதானேம்மா சொல்றேன்!"

எழுதும்போது நடுவில் கொஞ்சம் இடம் விட்டால் அது ஒரு செய்தி. சேர்த்து எழுதினால் அது ஒரு வசவு. வாயால் சொல்லும்போது நடுவில் இடம் விட்டுச் சொல்கிறவர் யார்? கேட்கிறவர்தான் யார்?

"இதை எங்க வீட்டுல யாருமே வந்து சொல்லலையே!" என்று கத்தினாள். கேரம் ஆட்டம் நின்றது.

கம்பிக்காரர் திகைத்தார். "நான் வந்தேனேம்மா. லீவு குடுத்ததும் முதல்ல உங்க வீட்டுக்குத்தான் வந்தேன். மாவு மில்லுக்குப் பின்னாடி ஒரு ரூம். அண்ணி கதவைத் திறந்தாங்க. இறந்துட்டார்னு சொல்ல எனக்கு வாய் வரலை, அப்ப எனக்கு மீசைகூடச் சரியா முளைக்கலை. அதனால நடந்ததைச் சொல்லி, கடைசியில அதைச் சொல்லலாம்னு, அண்ணன் ஓடிப் போனார் அண்ணி, திரும்பி வரலைன்னு ஆரம்பிச்சேன். கதவைச் சாத்திட்டாங்க."

"தட்ட வேண்டியதுதானே?"

"தட்டினேன். உள்ளேருந்து ஒரு பாத்திரம் வந்து கதவுல விழுந்தது. அப்புறம் இன்னொண்ணு. துக்கத்துல இருக்காங்க, புரிஞ்சுக்கிட்டாங்கன்னு நினைச்சேன். வந்துட்டேன்."

"நல்லா நினைச்சீங்க! பாத்திரம் விழுந்தா துக்கம்னு அர்த்தமா? ரெண்டு நாள் கழிச்சு ஒரு தடவை வரக் கூடாதா? ஒரு கடுதாசி போடக் கூடாதா? அரைவரியைச் சொல்லிட்டு வேலை முடிஞ்சுதுன்னு போய், இங்க உட்கார்ந்து டீ குடிச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க. அந்த அரைவரியில நான் எத்தனை வருஷம் குடியிருந்தேன் தெரியுமா?"

அவர் காது மெஷினைக் கழற்றவில்லை. அவள் திட்டி முடிக்கிற வரைக்கும் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அவள் கிளம்பும்போது வாசல்வரை வந்தார், ஆனால் கூடவே நடந்து வரத் தைரியம் இல்லை.

பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. யாரோ கண்ணை மூடிக்கொண்டு தைத்த சீட். பைப்பிங் பிதுங்கிக்கொண்டிருந்தது. அதை நகத்தால் பிய்த்துக்கொண்டே வந்தாள். அப்பாவுக்காக அழ வேண்டும் என்று தோன்றவே இல்லை. அறியாத மனிதர், முகம்கூடத் தெரியாது. அம்மாவை நினைக்க நினைக்கத்தான் ஆத்திரம் பொங்கியது. முழுசாகக் கேட்டால் குடியா முழுகிவிடும்? எதிரே நின்ற பையன் சொல்ல வந்ததைச் சொல்லிமுடிக்கிற வரைக்கும் ஒரு நிமிஷம் நிற்கக் கூடாதா?

கல்யாணமாகி மூன்றாவது வருஷம் ஒரு நாள் காலையில் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டு வாசலில் போய் நின்றாள். உதடு கிழிந்திருந்தது. மகன் இடுப்பில் இருந்தான். அம்மா கதவைத் திறந்து பெட்டியைப் பார்த்தாள், உதட்டைப் பார்க்கவில்லை. "அப்பன் மாதிரி ஓடிவந்துட்டியா?" என்றாள். இல்லைம்மா, அவன் என்னை என்று இவள் ஆரம்பித்தாள். அதற்குள் கதவு மூடிவிட்டது. வந்த வழியே பெட்டியோடு திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு புருஷன் சாகிற வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. வெளியில்தான் பட்டாசு. வீட்டில் நமுத்துத்தான் கிடந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கறுப்புக் கண்ணாடி இவள் பக்கம் திரும்பியது.

"கண்டுபிடிச்சியா? எந்த ஊர்ல இருக்கான்? எத்தனை பிள்ளைங்க?"

பட்டாசு செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "மில்லு வீட்டுக்கு ஒரு பையன் வந்தானே. அவன் உங்கிட்ட என்ன சொன்னான்?"

"ஓடிப்போயிட்டான்னு சொன்னான்."

"அப்படியா சொன்னான்? அவன் சொன்ன வார்த்தையைச் சொல்லு."

அம்மா யோசிக்கவே இல்லை. அந்த நீள எண்ணைப்போல அதுவும் அப்படியே இருந்தது. "அண்ணன் ஓடிப் போனார் அண்ணி, திரும்பி வரலைன்னான். ரெண்டும் ஒண்ணுதானேடி?"

"ஒண்ணு இல்லைம்மா!"

அடுத்த வீட்டு டிவி அடங்கியது. கேட்கட்டும் என்று பட்டாசு இன்னும் உரக்கவே சொன்னாள். அறுந்த கம்பி, முகட்டில் முப்பது பேர், பல்லில் கவ்விய சீட்டு, எல்லாவற்றையும் சொன்னாள். மூச்சு வாங்கியது. அம்மா அசையாமல் கேட்டாள்.

"பொய்," என்றாள் அம்மா. "எவனோ கிழவன் உன் காதுல பூ சுத்தியிருக்கான்."

"கதவுல ரெண்டு பாத்திரம் வந்து விழுந்துதாம். அதுவும் பொய்யா?"

அம்மா போர்வையின் ஓரத்தைப் பிடித்து நீவி நீவி மடித்துக்கொண்டிருந்தாள், அச்சகத்தில் தாளை மடிப்பதுபோல. கண்ணாடிக்குள் கண் என்ன செய்கிறது என்று தெரியவில்லை. மடிப்பை அழுத்திவிட்டுக் கேட்டாள்.

"சீட்டு போய்ச் சேர்ந்துதா?"

"சேர்ந்தது. எல்லாரும் தப்பிச்சுட்டாங்க."

"சேர்ந்துதுல்ல? அப்புறம் என்ன மண்ணாங்கட்டிக்குத் திரும்பினார்? அவங்களோடயே பின்பக்கமா இறங்கியிருக்கலாம்ல? எவன் இவரைத் திரும்பி ஓடி வரச் சொன்னான்?"

திரும்பினார் என்றாள். பட்டாசுக்கு நினைவு தெரிந்து அம்மா அந்த மனிதருக்கு மரியாதை கொடுத்துப் பேசியதில்லை. அம்மா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கட்டில் சட்டத்தில் உள்ளங்கையால் அறைந்து அறைந்து திட்டிக்கொண்டிருந்தாள்.

"பதில் கொண்டுவரணுமாம்! பெரிய பதில்! வீட்டுல ஒருத்தி பச்சைக்குழந்தையை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான்னு தோணிச்சா அந்த மனுஷனுக்கு? அனுப்பினவனுக்குத்தான் தோணிச்சா? இத்தனை வருஷமா நான் திட்டினதெல்லாம் யாரைடி? இப்ப அதையெல்லாம் நான் எங்க கொண்டுபோய்க் கொட்டுவேன்?"

"என் தலையிலதான் கொட்டினே," என்றாள் பட்டாசு. "அவரையா திட்டினே? அவருக்குக் கேக்கவா போகுது? எல்லாத்தையும் வாங்கிக்கிட்டது நான். ஓடக் கூடாது, விடக் கூடாது, வரக் கூடாது. முழுசா ஒரு வரி கேட்டிருந்தா எனக்கு ஒரு வாழ்க்கை இருந்திருக்கும். யோசிச்சுப் பார்த்தியா?"

அம்மா கையை எடுத்துக்கொண்டாள். எந்தச் சண்டையிலும் கடைசி வார்த்தை அம்மாவுடையதுதான், அதை எதிர்பார்த்துப் பட்டாசு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். வரவில்லை. அம்மா கண்ணாடியைக் கழற்றப் போனாள், டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"அன்னிக்குக் காலையில நீ பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்து வாசல்ல நின்னப்ப…" என்று ஆரம்பித்தாள்.

அதற்கு மேல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. கை போர்வையைத் தேடியது.

சரி விடும்மா என்று சொல்லியிருக்கலாம். வயதானவள், ஆபரேஷன் செய்த கண், பெற்றவள். பட்டாசு சொல்லவில்லை. எடுத்துக் கொடுக்கவும் இல்லை. நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"ம், சொல்லு," என்றாள். "முழுசாச் சொல்லி முடி. கேக்கறேன்."